மூன்றாம் தக்பீரோடு நின்ற பாடம்

“பொம்பிளைப் பக்கம்தான் வந்து கேக்கோணும், றுமைஸா. அது எங்கட ஊர் வழக்கம். என்னால மாத்த ஏலாது.”

“உங்கட உம்மா ஒருக்கா வந்து கேட்டா என்ன, தேய்ஞ்சா போவா?”

“என்ட உம்மா வந்து பொம்பிளை கேட்டா ஊர் என்ன சொல்லும்? மகனில ஏதோ பழுது, தாய் கூவி விக்கிறா எண்டு சொல்லும். உங்கட வாப்பா ஒரு வார்த்தை கேக்கட்டும். ஒரே ஒரு வார்த்தை.”

“என்ட வாப்பா கடையில போய் நெருப்புப்பெட்டி இருக்கா எண்டும் கேக்க மாட்டார். காசை மேசையில வைச்சிட்டு நிப்பார். கடைக்காரன் தானா விளங்கி எடுத்துக் குடுக்கோணும்.”

“அப்ப நானும் தானா விளங்கி வந்து வாசலில நிக்கட்டா?”

“நிண்டு பாருங்கோ. ஜவ்பர் மாமான்ட மகன் எண்டு கண்டதும் கதவைச் சாத்துவார்.”

ஏழு வருடங்களுக்கு முன்னர், மன்னார் பஸ் நிலையத்தில், தலைமன்னார் பஸ் வரும்வரை நின்று இன்பாஸும் றுமைஸாவும் பேசிய பேச்சு இது. அன்று பஸ் அரை மணி நேரம் பிந்தி வந்தது. கேட்க வேண்டிய அந்த வார்த்தை ஏழு வருடம் பிந்தியும் வரவில்லை.

இடையில் றுமைஸாவுக்குத் தரகர்கள் எட்டு மாப்பிள்ளைகளைப் பேசி வந்தார்கள். ஒருவர் கட்டாரில் வேலை, ஒருவர் புத்தளத்தில் கடை, ஒருவர் கவிதை எழுதுவாராம். எட்டுப் பேரிலும் அவள் எட்டுக் குறைகள் கண்டுபிடித்தாள். கணித ஆசிரியை அல்லவா, கழித்தல் நன்றாக வரும். முப்பது வயதில் ஊர் அவளை ‘பாவம்’ என்றது. அவள் திரும்ப ஊரைப் பார்த்து அதையேதான் நினைத்தாள்.

உமரிப்பிட்டி மன்னார்த் தீவில், பெருந்தெருவுக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற ஊர். மணல், பனை, கழுதைகள், ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை. தொலைபேசிக் கோபுரமும் ஒன்று உண்டு. அதைப் புதிதாக வருகிறவர்கள் தேடித்தான் காண வேண்டும். ஏனென்றால் அது பனைகளை விடக் கட்டை.

இப்படியொரு கோபுரம் உலகத்தில் வேறெங்கும் இருக்குமோ தெரியாது. அந்தப் பஸ் நிலையப் பேச்சுக்குச் சற்று முன்னர் கம்பனிக்காரர்கள் நூற்று முப்பது அடி உயரத்துக்குத்தான் திட்டம் போட்டு வந்தார்கள். இன்பாஸின் வாப்பா ஜவ்பர் தன் பனங்காணியில் இடம் கொடுத்தார். அத்திவாரமும் போட்டாயிற்று. அப்போதுதான் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் ஸாலிஹீன் மௌலவி, றுமைஸாவின் வாப்பா, எழும்பி நின்று சொன்னார்: “அல்லாஹ்வின் வீட்டு மினாரா எண்பது அடி. இந்த ஊரில் அதற்கு மேலே ஒன்றும் எழும்பக் கூடாது.” நிர்வாகத்தில் இருந்த எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஆறு பேருக்கு மினாராவின் உயரம் அன்றைக்குத்தான் தெரியும்.

ஜவ்பர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “அப்ப மினாராவை விட உயர்ந்த பனையெல்லாத்தையும் தறிக்கிறதா, மௌலவி?”

சபை சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பை மௌலவி மன்னிக்கவில்லை. கம்பனி கோபுரத்தை எழுபத்தைந்து அடியில் முடித்துவிட்டுப் போனது. சிக்னல் பனை வட்டுகளில் முட்டி அங்கேயே தங்கியது. பனைகளுக்கு நல்ல ‘கவரேஜ்’. மனிதர்கள் கடற்கரைக்குப் போனால், அக்கரைச் சிக்னலைப் பிடித்து, இந்தியாவுக்கு நல்வரவு என்று தொலைபேசி சொல்லும். உமரிப்பிட்டிப் பிள்ளைகள் கடவுச்சீட்டு இல்லாமல் வெளிநாடு போய் வந்தது அப்படித்தான்.

ஜவ்பர் இரண்டு வருடங்களுக்கு முன்னர் மௌத்தானார். இறுதித் தொழுகை நடத்த வந்த மௌலவி, தொழுவித்துவிட்டு, வீட்டுப் படி ஏறாமல் வாசலோடு திரும்பினார். ஜவ்பரின் மனைவி ஜெஸீமா உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். பார்த்ததை மறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வாப்பா ஏன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று றுமைஸாவின் உம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல ஊரை விட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளம் முகாமுக்குப் போனபோது அவருக்கு இருபத்தைந்து வயது. காய்ச்சலில் கிடந்த தாய்க்கு இன்னுமொரு பால்மாப் பெட்டி கேட்டிருக்கிறார். பங்கீடு கொடுத்த ஆள், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, “ஓதின தம்பி, கை ஏந்துறது அல்லாஹ்விட்ட மட்டும்தான் எண்டு உங்களுக்குச் சொல்லித் தரேல்லையா?” என்று சிரித்தானாம். வரிசையை விட்டு வந்தவர்தான். அதற்குப் பிறகு அவர் மனிதர்களிடம் எதையும் கேட்டதில்லை.

அந்தக் கதை கேட்டபோது றுமைஸா அழுதாள். ஆனால் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னர் ஒருவன் சிரித்த சிரிப்புக்குத் தான் ஏன் கன்னியாக இருக்க வேண்டும் என்றும் யோசித்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

இந்த வருடம் பெப்ரவரியில் மௌலவிக்கு அறுபது நிறைந்தது. முப்பத்திரண்டு வருடம் இஸ்லாம் படிப்பித்தவருக்கு பாடசாலையில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து ஓய்வுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. வெற்றிடம் பற்றி அதிபர் மேலிடத்துக்கு எழுதினார். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். முன்னைய கடிதத்தைப் பார்க்கவும் என்று பதில் வந்தது.

“நீங்கள் ரெண்டு மாசத்துக்குச் சும்மா வந்து படிப்பிக்கலாமே, வாப்பா?” என்று றுமைஸா கேட்டாள்.

“அதுக்குத் தொண்டர் ஆசிரியர் எண்டு மனுப் போடோணுமாம். நான் படிப்பிச்ச பொடியன் இப்ப கல்விக் கந்தோரில கிளாக்கர். அவனிட்ட மனுப் போடுறதா?”

“அதிபர் வந்து உங்களைக் கேட்டா?”

“கேட்டா யோசிப்பன்.”

அதிபர் கேட்கவில்லை. மௌலவிக்கு முன்னால் நிற்கவே அவருக்கு நடுக்கம். இப்படி இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு தெருவில், நாலு வீடு தள்ளி, ஒருவர் கேட்பார் என்று மற்றவர் காத்திருக்க, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இந்த வருடத்துப் பாடப்புத்தகமும் வரவில்லை. அச்சில் இருக்கிறதாம்.

மே மாதம் மேலிடத்தார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் இல்லாத ஊர்களுக்கெல்லாம் கொழும்பிலிருந்து ஒரே மௌலவி இணையத்தில் பாடம் நடத்துவார். பாடசாலைக்கு ஒரு பெரிய திரை வந்தது. திரைக்கு ஒரு பூட்டு வந்தது. பூட்டுக்கு ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். நேரசூசியில் அந்த நேரம் ஓய்வாக இருந்தவள் தனுசியா மட்டும்தான். நானாட்டானிலிருந்து பஸ்ஸில் வருகிற மனையியல் ஆசிரியை. நெற்றியில் திருநீற்றோடு அவள் இஸ்லாம் வகுப்புக்குப் பொறுப்பானாள்.

முதல் நாளே ஆசிரியர் அறைக்குத் தலையில் கை வைத்தபடி வந்தாள்.

“றுமைஸா, உங்கட கொழும்பு மௌலவி வாயைத் திறந்தார். திறந்தபடியே நிண்டிட்டார். நாற்பது நிமிஷம். பல்லு வைத்தியரிட்டப் போனவர் மாதிரி.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நான் என்ன செய்ய? பிள்ளையளைச் சத்தம் போடாமல் இருங்கோ எண்டு சொல்லிப்போட்டு நானும் அவற்ற வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தன். கடைசியில ‘எனவே’ எண்டார். மணி அடிச்சுது.”

“எனவே?”

“எனவேதான். அதுக்கு மேல வரேல்ல.”

இருவரும் சிரித்தார்கள். ஜூன் முழுக்க அப்படிச் சிரிக்க நிறைய இருந்தது. ஜூலையில், கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் திட்டத்தைத் திறந்து வைக்க வருகிறார் என்று அறிவித்தல் வந்தபோதுதான் மேலிடத்துக்குச் சிரிப்பு நின்றது. இரண்டு மாதமாகப் பிள்ளைகளுக்கு வராத சிக்னல் பரவாயில்லை. பெரியவருக்கு முன்னால் திரை வாயைத் திறந்தபடி நிற்கக் கூடாது.

ஆகவே ஒரு லொறி வந்தது. முதுகில் மடித்து வைத்த கோபுரம். பாடசாலைக்குப் பின்புறம் அதை நிறுத்தி, கால்களை ஊன்றி, கோபுரத்தை நிமிர்த்தினார்கள். அதைக் கொண்டு வந்தவன் இன்பாஸ். ஊருக்கு ஊர் போய்ச் சிக்னல் அளந்து, அன்டெனாவைச் சரித்தும் நிமிர்த்தியும் வேகம் கூட்டுவது அவன் தொழில். தன் சொந்த ஊருக்கு அந்த வேலையாக அவன் வந்தது அதுதான் முதல் தடவை.

மௌலவி வீட்டுப் படலைக்கு வந்து, கண்ணுக்கு மேல் கை வைத்து, லொறிக் கோபுரத்தையும் மினாராவையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டைதான் என்று திருப்தியானதும் உள்ளே போனார்.

திறப்பு விழா அமோகம். பெரியவர் ரிபன் வெட்டினார். கொழும்பு மௌலவி திரையில் மீன்தொட்டிக்குள் மீன் போலத் தெளிவாகத் தெரிந்தார். ஒரு மாணவி கேள்வி கேட்டாள். அது மூன்று நாள் ஒத்திகை பார்த்த கேள்வி. அவர் பதில் சொன்னார். பெரியவர் கைதட்டினார். “இனி இந்தப் பிள்ளைகளுக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை” என்றார். பதினோராவது நிமிடத்தில் சிற்றுண்டிக்கு எழும்பினார்.

எல்லோரும் பற்றிஸும் பால் தேநீருமாக இருந்த நேரம் றுமைஸா லொறியடிக்குப் போனாள். இன்பாஸ் மடிக்கணினியோடு படிக்கட்டில் இருந்தான். தாடியில் ஒன்றிரண்டு நரை. அதற்கும் அவள் வாப்பாதான் காரணம் என்று அவளுக்குப் பட்டது.

“இது எத்தனை நாளைக்கு?” என்றாள்.

“பெரியவர் மன்னார்ப் பாலம் தாண்டுற வரைக்கும்.”

“பகிடி விடாதீங்கோ.”

“பகிடி இல்லை. நாளைக்கு மடு மாதா கோயிலுக்குப் போகுது. திருவிழாவுக்குச் சனம் லட்சக்கணக்கில வரும்.”

“மடுவுக்கு இருக்கிற லொறி எங்கட பிள்ளையளுக்கு இல்லையா?”

“மடுவில கேட்டவை, றுமைஸா. ஒவ்வொரு வருஷமும் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேக்கினம். உங்கட ஆக்கள் ஒரு நாளும் ஒண்டும் கேட்டதில்லை.” அவன் பனைகளுக்குள் ஒளிந்திருந்த கோபுரத்தைக் காட்டினான். “அதின்ட அத்திவாரம் நூற்று முப்பது அடிக்குப் போட்டது. மேல ரெண்டு துண்டு பூட்டினாச் சரி. இந்த ஊர் முழுக்கச் சிக்னல் தண்ணி மாதிரி ஓடும். பள்ளிவாசல் நிர்வாகத்தின்ட கடிதம் ஒண்டு, காணிக்காரர்ர கையெழுத்து ஒண்டு. வேற ஒண்டும் வேண்டாம்.”

“காணிக்காரர் உங்கட உம்மா.”

“ஓம். நிர்வாகம் உங்கட வாப்பா.”

ஒரு கழுதை வந்து லொறியின் சில்லை மணந்து பார்த்துவிட்டுப் போனது.

“நான் இன்னும் நிக்கிறன், றுமைஸா,” என்றான். “காசை மேசையில வைச்சிட்டு.”

அன்று மாலை கடிதத்தைப் பற்றி வாப்பாவிடம் சொன்னாள்.

“என்ட கையால அப்பிடிக் கடிதம் போகாது,” என்றார் மௌலவி. “ஜவ்பர் சொன்னது சரி எண்டு நானே எழுதிக் குடுக்கிறதா?”

மறுநாள் லொறி போயிற்று.

ஆவணி விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியது. திரையும் பழையபடி வாயைத் திறந்தது. இந்தமுறை பாடம் ஜனாஸாத் தொழுகை. மௌத்தானவருக்காக நின்றபடி தொழுகிற தொழுகை. அதில் ‘அல்லாஹு அக்பர்’ என்று நாலு தக்பீர் சொல்ல வேண்டும். நாலாவது தக்பீருக்குப் பிறகுதான் ஸலாம் சொல்லி முடிப்பது. கொழும்பு மௌலவி நின்று காட்டினார். முதலாம் தக்பீர் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் கையை உயர்த்தினார். உயர்த்தியபடி நின்றார். மணி அடித்தது. அடுத்த கிழமை தனுசியா அந்தப் பாடத்தின் பதிவை மறுபடி போட்டுப் பார்த்தாள். அதுவும் அந்தக் கையோடு நின்றது. அதற்கடுத்த கிழமை கொழும்பில் வேறு பாடம் தொடங்கிவிட்டது.

புரட்டாதியில் அபூசாலிக் காக்கா மௌத்தானார். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவருடைய குரல் கேட்காமல் உமரிப்பிட்டியில் விடிந்ததில்லை. இமாம் ஊரில் இல்லாததால் மௌலவியைத் தொழுவிக்க அழைத்தார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். ஆகவே நடந்தது என்னவென்று, வாப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்த பிறகுதான் றுமைஸாவுக்குத் தெரியும். அவர் தொப்பி எறிந்து அவள் கண்டதில்லை.

“என்ன நடந்தது?” என்று உம்மா ஓடி வந்தாள்.

“மூண்டாம் தக்பீர் சொல்லி, நான் அந்த மனிசனுக்காக துஆ ஓதிக்கொண்டு நிக்கிறன். பின்னால ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ எண்டு சத்தம். ஒண்டு ரெண்டில்லை, பத்துக் குரல். பத்தாம் வகுப்புப் பொடியள். தொழுகை முடிஞ்சுதெண்டு ஸலாம் குடுத்திட்டுச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க வந்திட்டாங்கள். நான் தக்பீர் கட்டி நிக்கிறன், எனக்கு முன்னால சந்தூக்கு அசையுது!”

உம்மா வாயில் கை வைத்தாள்.

“பெரியாக்கள் இழுத்துப் பிடிச்சாங்கள். பிறகு வெளியில நிண்டு சிரிக்கிறாங்கள். ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூண்டு தரம், அபூசாலிக்கு ஏலம் முடிஞ்சுதெண்டு பொடியள் நினைச்சிட்டாங்கள்’ எண்டு. மையத்துக் கிடக்குது, சிரிக்கிறாங்கள். அந்தப் பொடியளில ஒருத்தன் அபூசாலின்ட சொந்த மகன். மாமன்மார் ஏசினதும் சுவரோட சாஞ்சு அழுறான். ‘ஸேர், பாடம் மூண்டாம் தக்பீரோடதான் நிண்டது. நாலாவது இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல’ எண்டு. அவன்ட வாப்பாவுக்கு அவன் தொழுத தொழுகை அது.”

மௌலவி நிமிர்ந்தார். “எவன் படிப்பிச்சது இதுகளுக்கு?”

றுமைஸா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் படலையில் தனுசியாவின் குரல் கேட்டது. செய்தி பாடசாலைக்கும் போயிருந்தது. பிற்பகல் பஸ்ஸை விட்டுவிட்டு, கையில் விடைத்தாள் கட்டோடு அவள் வந்து நின்றாள்.

“ஸேர், குறை நினைக்காதீங்கோ. பிழை என்னில.” அவள் கதிரையில் இருக்கவும் இல்லை. “போன கிழமை பரீட்சை வைச்சனான். தக்பீர் எத்தனை எண்டு கேள்வி. பதினொரு பேரும் மூண்டு எண்டு எழுதியிருந்தவை. பதினொரு பேரும் ஒரே மாதிரி எழுதினா அது சரியாத்தான் இருக்கும் எண்டு சரி போட்டிட்டன்.”

மௌலவி விடைத்தாள்களை வாங்கினார். பதினொரு ‘மூன்று’. பதினொரு சிவப்புச் சரி. அபூசாலியின் மகனுடைய தாளில் ‘மிக நன்று’ என்றும் இருந்தது.

“உங்களில பிழை இல்லை, மகள்,” என்றார். “நீங்கள் என்ன கண்டீங்கள்? ஆரையும் ஒருத்தரைக் கேட்டிருக்கலாம்…”

“உங்களைக் கேக்கத்தான் ரெண்டு தரம் வந்தனான், ஸேர்.”

“என்னையா?”

“ஓம். நீங்கள் வாசலில ஓதிக்கொண்டு இருந்தீங்கள். மௌலவி ஸேர் ஆரிட்டயும் ஒண்டும் கேக்க மாட்டார், ஆரும் தன்னைக் கேக்கிறதும் பிடிக்காது எண்டு அதிபர் சொன்னவர். பயத்தில படலையோட திரும்பிப் போயிட்டன். றுமைஸாட்டக் கேக்க வெக்கமா இருந்தது. ஒவ்வொரு நாளும் என்ட வகுப்பைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சது நான்தானே.”

றுமைஸாவுக்கு முகம் சுட்டது. அந்தச் சிரிப்பில் அவளுக்கும் பங்கு இருந்தது. நாலு தக்பீர் என்று அவளுக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். வகுப்பு பக்கத்து அறையில்தான் நடந்தது. ஒருநாள் எட்டிப் பார்த்து, பாடம் எங்கே நின்றது என்று அவள் கேட்டதில்லை.

தனுசியா போன பிறகு மௌலவி அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். பதினொன்றுக்கு மேல் வரவில்லை.

“பாத்தீங்களா வாப்பா,” என்றாள் றுமைஸா. “டீச்சர் கேக்கேல்ல. அதிபர் கேக்கேல்ல. நான் கேக்கேல்ல. நீங்கள் கேக்கவே மாட்டீங்கள். இந்த ஊரில வாய் திறந்து கேக்கத் தெரிஞ்ச ஒரே மனிசன் அபூசாலிக் காக்கா. அவரும் மௌத்தாப் போனார். மினாராவை விட டவர் உயரக் கூடாதெண்டு காப்பாத்தினீங்கள். இப்ப அந்த மினாராவுக்குக் கீழ நிண்டு தொழத் தெரியாமல் பிள்ளையள் நிக்குது. ஜவ்பர் மாமா கேட்ட கேள்விக்கு ஏழு வருஷமாப் பதில் சொல்லாமல் இருக்கிறீங்கள்.”

“றுமைஸா!” என்றாள் உம்மா.

மௌலவி அவளை அதட்டவில்லை. சுவரில் பாடசாலை கொடுத்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விடைத்தாள்களை மேசையில் வைத்துவிட்டு, “அந்தக் கடிதத்தை நாளைக்கு அடிச்சுக் கொண்டு வா,” என்றார். “நாளைக்குக் காலமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன். அந்தக் கிளாக்கர்ப் பொடியனிட்ட என்ன மனு வேணுமோ அதையும் வாங்கிக் கொண்டு வா.”

மறுநாள் முதலாம் பாடவேளை தனுசியா திரையின் பூட்டைத் திறக்கவில்லை. மௌலவி பதினொரு பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி நாலு தக்பீரும் சொல்லிக் கொடுத்தார். அபூசாலியின் மகனைத் தன்னோடு அவன் வாப்பாவின் கபுரடிக்கு அழைத்துப் போய், அங்கே நின்று அவனை முழுதாகத் தொழ வைத்தார். அதிபர் ஜன்னலால் பார்த்துவிட்டு, வராதவர் போல் போய்விட்டார். துணிச்சல் அவருக்கு நேரசூசியில் இல்லாத பாடம்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மௌலவி வெள்ளைச் சட்டை மாற்றினார். நிர்வாகத்தின் எட்டுக் கையெழுத்தும் கடிதத்தில் விழுந்திருந்தன. மினாராவுக்குத் தலையாட்டிய அதே எட்டுப் பேர், அதே வேகத்தில் கோபுரத்துக்கும் தலையாட்டியிருந்தார்கள். மிச்சம் காணிக்காரரின் கையெழுத்து.

“நீயும் வா,” என்றார் உம்மாவிடம். றுமைஸாவைப் பார்த்து, “நீயும்தான். ஜெஸீமாவுக்குக் கண் தெளிவில்லையாம். கடிதத்தை வாசிச்சுக் காட்டோணும்,” என்றார்.

“என்னையா அங்க கூட்டிக்கொண்டு போறீங்கள்?”

“கடிதம் வாசிக்கத்தான்,” என்றார் கறாராக.

பனங்காணி வழியாக மூவரும் நடந்தார்கள். எழுபத்தைந்து அடிக் கோபுரம் பனைகளுக்கு நடுவில் நின்றது. தலைவாசலில் கருக்குமட்டை கட்டிக்கொண்டிருந்த ஜெஸீமா உம்மா, வருகிறவர்களைக் கண்டதும் சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினாள். மௌலவி படியடியில் ஒரு கணம் நின்றார். செருப்பைக் கழற்றினார். ஏறினார்.

“வாங்கோ மௌலவி,” என்றாள் ஜெஸீமா உம்மா. “ஏழு வருஷமா நீங்கள் வராத படி. வழுக்கேல்லையே?”

“இல்லை,” என்றார்.

“என்ன விசேஷம்? பனையெல்லாம் தறிச்சு முடிஞ்சுதா?”

உம்மா நிலத்தைப் பார்த்தாள். மௌலவியின் கழுத்து நரம்பு ஒருமுறை துடித்து அடங்கியது.

“பனை நிக்கட்டும்,” என்றார். “உங்கட மனிசன் அண்டைக்குக் கேட்டது சரியான கேள்வி. என்னிட்டப் பதில் இருக்கேல்ல. கோவம்தான் இருந்தது. கடிதம் கொண்டு வந்திருக்கிறன்.”

ஜெஸீமா உம்மா கதிரைகளைக் காட்டினாள். றுமைஸா கடிதத்தை வாசித்தாள். மேலும் ஐம்பத்தைந்து அடி உயர்த்துவதற்கு நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இல்லை. காணி உரிமையாளரும் சம்மதம். ஜெஸீமா உம்மா பேனையை வாங்கி, கண்ணைச் சுருக்கி, பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனையைக் கொடுக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“இவ்வளவுதானா, மௌலவி?”

“இவ்வளவுதான்.”

“கையெழுத்து வாங்க மூண்டு பேரா வந்தீங்கள்?”

மௌலவி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழும்பினார். உம்மாவும் எழும்பினாள். றுமைஸா கடைசியாக எழும்பினாள். மௌலவி படியிறங்கி ஒரு செருப்பைப் போட்டார். மற்றச் செருப்புக்குக் காலை நீட்டியவர் நீட்டியபடி நின்றார். மூன்றாம் தக்பீரில் நின்ற கொழும்பு மௌலவியைப் போல. இனி மணி அடித்துவிடும், பாடம் முடிந்துவிடும் என்று றுமைஸா நினைத்தாள்.

“இன்பாஸுக்கு ஒருக்கா போன் எடுத்துச் சொல்லுவம், கையெழுத்துப் போட்டாச்செண்டு,” என்று ஜெஸீமா உம்மா தொலைபேசியை எடுத்தாள். கையை உயர்த்தி, இறக்கி, வாசல் மூலைக்குப் போய், திரும்பி வந்தாள். “இந்தச் சனியனில ஒரு கோடும் இல்லை.”

“வையுங்கோ,” என்றார் மௌலவி.

போட்ட செருப்பைக் கழற்றினார். மறுபடி படியேறினார். அறுபது வயதுக்கும் முப்பத்தைந்து வருட வைராக்கியத்துக்கும் இரண்டு படி கொஞ்சம் கடினம். மூச்சு வாங்கியது. அவர் மனைவியையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. ஜெஸீமா உம்மாவை நேராகப் பார்த்தார். அந்த மனிதரின் கை தானாக உயர்ந்து, பால்மாப் பெட்டிக்கு நீட்டியது போல் கொஞ்சம் முன்னால் வந்தது.

“ஜெஸீமா, கையெழுத்துக்கு மட்டும் நான் வரேல்ல. என்ட மகள் றுமைஸாவுக்கு உங்கட மகன் இன்பாஸை மாப்பிள்ளையாக் கேட்டு வந்திருக்கிறன். தாங்கோ.”